அரைகுறை விழிப்பு

ராயகிரியில் பம்புசெட் ஸ்டார்ட்டர் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவரை எனக்குத் தெரியும். மேல்காற்று வீசும் மாதங்களில் அவரிடம் வந்து சேரும் செல்போன் ஸ்டார்ட்டர்களில் ஒரு வகை உண்டு. திறந்து பார்த்தால் போர்டில் கருகல் இல்லை, ரிலே தட்டுகிறது, சிம்முக்கு சிக்னல் வருகிறது. நேற்று வரை யாருடைய அழைப்புக்கு மோட்டாரைப் போட்டதோ, அந்த ஆளை மட்டும் அதற்கு இன்று தெரியவில்லை.

"போன வெள்ளாமை முழுக்க என் நம்பருக்கு ஓடிச்சு அண்ணாச்சி. இன்னைக்கு அடிச்சா கட் பண்ணுது" என்பார் கொண்டுவருபவர்.

"அது உங்கள மறந்துட்டு. திரும்பச் சொல்லிக் குடுத்தா கேட்டுக்கிடும்" என்பார் இவர்.

சொல்லிக்கொடுப்பார். பெட்டியும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும். அடுத்த காற்றுக்கு மறுபடி மறக்கும்.

நம்பரை மட்டும் மறந்தால் தொந்தரவு அதோடு முடிந்தது. நம்பரை வைத்திருக்கும் அதே சிப்புக்குள் ஆம்பியர் எல்லைகளும் இருக்கின்றன. கிணறு வற்றி மோட்டார் வெறுமனே சுற்றினால் ஆம்பியர் இறங்கும், அப்போது நிறுத்த வேண்டும். பேரிங் இறுகினாலோ ஒரு பேஸ் போனாலோ ஆம்பியர் ஏறும், அப்போதும் நிறுத்த வேண்டும். எந்த அளவுக்கு இறங்கினால், எந்த அளவுக்கு ஏறினால் என்ற இரண்டு எண்களைப் பொருத்தும் நாளில் பதிந்துவிட்டுப் போகிறார்கள். அழிந்துபோன நினைவு பெரும்பாலும் வெறுமையாக இருப்பதில்லை. எட்டு பிட்டும் ஒன்றாகி 255 என்று நிற்கும். ஏழரை ஹெச்.பி. மோட்டார் இழுப்பதே சுமார் 11 ஆம்பியர்தான். மேல் எல்லை 255 என்று நம்பிக்கொண்டிருக்கும் பெட்டி, ஆம்பியர் எவ்வளவு ஏறினாலும் அந்த மோட்டாரை நிறுத்தப்போவதில்லை. காயில் கருகிய பிறகுதான் விஷயம் தெரியவரும். சப்மர்சிபிள் என்றால் குழாயோடு மேலே தூக்கும் கூலியும் சேரும்.

இப்படி ஆனபின் நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான். விற்ற கடையில், நீங்கள் பட்டனைத் தப்பாக அமுக்கியிருப்பீர்கள் என்பார்கள். செய்தவர்களைப் பிடித்துக் கேட்டால் உங்கள் ஊர் கரண்ட் சரியில்லை என்பார்கள். லைன்மேனிடம் போனால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்பார். மூன்று பேருமே பொய் சொல்வதாகத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. மூன்று பேரும் முழுதாகக் கரண்ட் இருக்கும் நேரத்தையும் முழுதாக இல்லாத நேரத்தையும் மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். காரியம் நடப்பது இரண்டுக்கும் நடுவில்.

அந்த நடுநேரம் ராயகிரி போன்ற ஊர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வாய்க்கிறது. தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டம்; 2019 நவம்பரில் மாவட்டம் பிரியும்வரை இவர்களும் திருநெல்வேலிக்காரர்கள்தான். மேற்கே மலை. மலையிடுக்குகளில் புகுந்து வரும் காற்று காற்றாலைக்காரர்களுக்கு அறுவடை. மின்கம்பிக்கும் தென்னைக்கும் ஓயாத சண்டை. மட்டை ஒன்று கம்பியில் உரசி விலகும் நேரம் அரை விநாடிகூட இருக்காது. மனிதக் கண்ணுக்கு அது விளக்கின் ஒரு சிமிட்டல். விநாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துடிப்பில் ஓடும் சிப்புக்கு அது ஒரு நெடிய காலம்.

காற்று இல்லாவிட்டாலும் விஷயம் தீராது. 1944இல் பாபநாசத்தில் புனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்துக் கிணறுகளில் கமலை மெல்ல மெல்ல ஓய்ந்தது. மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. கிணறு கூடியது, போர்வெல் கூடியது, ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்கும் மோட்டார்களும் கூடின. இதன் விளைவு கரண்ட் போவதில் தெரியாது, திரும்பி வருவதில்தான் தெரியும். நின்றிருக்கும் ஒரு மோட்டார் சுழலத் தொடங்கும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு மடங்கு ஆம்பியரை இழுக்கும். த்ரீ பேஸ் வந்ததும் ஆட்டோவில் போட்டிருக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தால் கம்பியின் கடைசியில் இருப்பவருக்கு என்ன மிஞ்சும்? 415 வர வேண்டிய இடத்தில் அதில் பாதியும் சில விநாடிகளுக்கு இருக்காது. அந்த அடியில் சில ஸ்டார்ட்டர்கள் விழும். சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும். விழுந்தவை மறுபடி எழும், வோல்டேஜ் மறுபடி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சிப் கண்விழிக்கப் பார்க்கிறது.

பெட்டிக்குள்ளேயே அதற்கு இன்னொரு எதிரியும் உண்டு. செல்போன் மோடம். கரண்ட் வந்த உடனே அது டவரைத் தேடும். தேடும் சமயத்தில், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துண்டு துண்டு நேரங்களில், 2 ஆம்பியர் வரை உறிஞ்சும். டவர் தூரமாக இருந்தால் முழு பலத்தோடு கத்தும். வயற்காட்டு மோட்டார் ரூமுக்கு டவர் எப்போதுமே தூரம். சிப்புக்கும் மோடத்துக்கும் ஒரே சப்ளையைக் கொடுத்து, நடுவில் போட வேண்டிய கெப்பாசிட்டரைச் சிறியதாகப் போட்டிருந்தால், வெளியே லைன் சீராக இருந்தாலும் உள்ளே ஐந்து வோல்ட் ஐந்தாக இருக்காது. லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று லைன்மேன் சொன்னது இந்த இடத்தில் உண்மை.

சரி, வோல்டேஜ் குறைந்தால் சிப் நின்றுவிட வேண்டியதுதானே? நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். நான்கு வோல்ட்டில் ஓடும், மூன்றிலும் ஓடும், இரண்டிலும் ஏதோ ஓடும். வோல்டேஜ் குறையக் குறைய டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும், ஆனால் துடிப்பு மந்தமாகாது. நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவிலிருந்து ஒரு கட்டளையை எடுத்து முடிப்பதற்குள் அடுத்த துடிப்பு வந்து நிற்கும். பாதி வந்த கட்டளையை முழுக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு அது செயல்படும். கூட்டச் சொன்ன இடத்தில் தாவும்; தாவச் சொன்ன இடத்தில் வேறெங்கோ போய் இறங்கும். அப்படி இறங்கிய இடம் நினைவில் எழுதும் நிரல் துண்டின் வாசலாக இருந்துவிட்டால், யாரும் எழுதச் சொல்லாத ஒன்றை யாரும் சொல்லாத முகவரியில் எழுதிவிட்டுப் போகும். நடுச்சாமத்தில் எழுப்பப்பட்டவர் தூக்கக் கலக்கத்தில் கணக்கு நோட்டை எடுத்து எழுதுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. விடிந்து பார்த்தால் கையெழுத்து அவருடையது, கணக்கு யாருடையதோ.

இது யாரும் கண்டுபிடிக்காத ரகசியம் அன்று. நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்ற இரு மாணவர்கள் யோசித்து உருவாக்கிய ஏ.வி.ஆர். வகைச் சிப்புகளை அட்மெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவற்றின் விவரக் கையேடுகளில் இந்தக் கோளாறுக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் நிரந்தர நினைவு இரண்டு காரணங்களால் கெடலாம் என்று அது சொல்கிறது. எழுதும் வேலைக்கே ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் தேவை என்பது ஒன்று. சிப்பே கட்டளைகளைத் தவறாக நிறைவேற்றலாம் என்பது மற்றொன்று. தன் பொருள் எப்போது பிழை செய்யும் என்பதை விற்பவரே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். இவ்வளவு நேர்மையான வாக்கியங்களை நான் வேறு வியாபாரத்தில் அதிகம் பார்த்ததில்லை. படிப்பவர்கள்தான் குறைவு.

தற்செயலாக எழுதிவிடாமல் இருக்க அந்தச் சிப்பில் ஒரு காவலும் உண்டு. எழுதப்போகிறேன் என்று முதலில் ஒரு பிட்டைப் போட வேண்டும்; அதன்பின் நான்கு துடிப்புக்குள் இன்னொரு பிட்டைப் போட வேண்டும். தாமதித்தால் செல்லாது. வழிதவறிய நிரல் இந்த இரண்டையும் வரிசையாகச் செய்துவிடுவது அரிது என்று தோன்றும். அது தானாகச் செய்ய வேண்டியதில்லையே! இரண்டையும் வரிசையாகச் செய்யும் துண்டை நாமே எழுதி உள்ளே வைத்திருக்கிறோம். அதன் தலைவாசலில் போய் விழுந்தால் போதும். பழைய ஏ.வி.ஆர். சிப்புகளில் பூஜ்ஜியமாம் முகவரிதான் அடிக்கடி அடிபட்டது. அனுபவப்பட்டவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். புதிதாக வருபவர்கள் எண்ணத் தொடங்குவது பூஜ்ஜியத்தில் என்பதால், மிக முக்கியமானது எதுவோ அதைக் கொண்டுபோய் அங்கேதான் வைப்பார்கள். உரிமையாளரின் நம்பர் முதலில் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நினைவு என்று இங்கே சொல்வது என்ன என்பதையும் பார்த்துவிடலாம். கண்ணாடி போன்ற ஆக்சைடு படலத்துக்குள், எதனோடும் இணையாமல் மிதக்கும் ஒரு துணுக்கு. அதில் எலக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கின்றனவா இல்லையா, அவ்வளவுதான். இந்த யோசனையை 1967இல் பெல் ஆய்வகத்தில் தாவோன் காங், சைமன் சே இருவரும் வெளியிட்டார்கள். 1971இல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் அதிலிருந்து விற்கக்கூடிய ஒரு நினைவுச் சிப்பைச் செய்தார். அவர் அதைத் தேடிப் போகவில்லை. இணைப்பு விட்டுப்போன கேட் எனப்படும் துணுக்குகளால் கெட்டுக்கொண்டிருந்த சிப்புகளை ஆராயப்போனவர். கோளாறையே குணமாக மாற்றிக்கொண்டார். அன்றைய சிப்பை அழிக்கப் புறஊதா ஒளி வேண்டும், அதற்காக அதன் தலையில் ஒரு சன்னல் வைத்திருந்தார்கள். பிறகு மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் வழி வந்தது. சன்னல் போயிற்று. சிப்புக்குள்ளேயே ஒரு சிறு சுற்று சப்ளையைப் பல மடங்கு உயர்த்தி, அந்த அழுத்தத்தில் எலக்ட்ரான்களைப் படலத்தின் ஊடாகத் தள்ளுகிறது. ஒரு பைட்டை அழித்து எழுத மூன்றிலிருந்து எட்டரை மில்லிவிநாடி வரை ஆகும். அந்த மில்லிவிநாடிகளில் கரண்ட் போனால் அழித்த காரியம் முடிந்திருக்கும், எழுதுவது முடிந்திருக்காது. 255 வந்து உட்காருவது இப்படித்தான்.

சன்னல் வைத்த சிப்பை யாரும் அறியாமல் ஒரு காற்று வந்து அழித்துவிட முடியாது. அழிப்பது எளிதானபோது அழிவதும் எளிதாயிற்று. இதைப் பழையது மேல் என்ற புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; வயலில் நின்றுகொண்டு நம்பரை மாற்ற முடிவது பெரிய வசதி.

தற்காலிக நினைவின் கதை இன்னும் விசித்திரமானது. கரண்ட் போனால் அதிலுள்ளது போய்விடும் என்று பாடம் சொல்லும். வந்ததும் அங்கே என்ன இருக்கும்? பூஜ்ஜியம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் ஒவ்வொரு அறையும் எதிரெதிராக மல்லுக்கட்டும் இரண்டு பகுதிகளால் ஆனது. மின்சாரம் ஏறும்போது இரண்டும் ஒரேசமயத்தில் எழப் பார்க்கும். தயாரிப்பின்போது எந்தப் பக்கம் துளி பலமாக அமைந்துவிட்டதோ அந்தப் பக்கம் சாயும். ஆகவே ஒரு சிப் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஏறக்குறைய அதே ஒன்று-பூஜ்ஜியக் கோலத்தோடு விழிக்கிறது. அடுத்த சிப்பின் கோலம் வேறு. 2007இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹோல்கோம்ப், பர்ல்சன், ஃபூ ஆகியோர் இதைச் சிப்பின் கைரேகையாகவே பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். அதே ஆண்டு ஐரோப்பாவில் குவாஹார்டோவும் கூட்டாளிகளும் இதே வழியில் சிப்புக்கு ரகசியச் சாவி செய்யும் முறையை வெளியிட்டார்கள். யாரும் எழுதாத, பிறவியிலேயே வந்த ஒரு நினைவு. எனக்கு இது பிடித்த விஷயம். ஆனால் பம்புசெட்டுக்காரருக்கு இதனால் பயன் இல்லை என்பதால் மேலே போகிறேன்.

அவருக்கு ஆபத்தானது இன்னொன்று. கரண்ட் அரை விநாடி போய் வந்தால் தற்காலிக நினைவு முழுதாகப் போய்விடுவதும் இல்லை. சில அறைகள் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும், சில பிறவிக் கோலத்துக்குத் திரும்பியிருக்கும். கேம்பிரிட்ஜில் செர்கேய் ஸ்கோரோபோகடோவ் 2002இல் இது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார். குளிரக் குளிர நீள்கிறது, சிப்புக்குச் சிப்பு மாறுகிறது. கெட்டிக்கார நிரலாளர்கள் நினைவின் ஒரு மூலையில் ஓர் அடையாள எண்ணை எழுதி வைப்பார்கள். விழித்ததும் அந்த எண் அப்படியே இருந்தால், இது வெறும் சிமிட்டல்தான், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று முடிவெடுப்பார்கள். அடையாளம் பிழைத்து, அது சான்று சொல்ல வேண்டிய தகவல் பாதி அழிந்திருந்தால்? பெட்டி தன்னம்பிக்கையோடு தவறு செய்யும். மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு நிற்கும். அல்லது நிற்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டும். முழுதாக மறந்த பெட்டியைவிட இது மோசம் என்பது மெக்கானிக் அண்ணாச்சியின் கட்சி. "மறந்துட்டுன்னா மறந்துட்டுன்னு தெரிஞ்சுபோகும். இது ஞாபகம் இருக்குங்குல்லா" என்பார்.

இதற்கெல்லாம் முந்தைய தலைமுறை ஸ்டார்ட்டரில் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டால் கடையின் மூலையைக் காட்டுவார். இரும்புப் பெட்டி, பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். உள்ளே நோ-வோல்ட் காயில் என்று ஒன்று. பச்சையை அமுக்கினால் காயில் காந்தமாகி மேலே இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் ஓடும். வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் காந்தத்தின் பிடி தளர்ந்து இரும்பு விழும். விழுந்தது விழுந்ததுதான். கரண்ட் திரும்பினாலும் தானாக எழாது, ஆள் வந்து பச்சையை அமுக்க வேண்டும். இன்று செய்யப்படும் கான்டாக்டர்களுக்கான உலகத் தரம் இதையே எண்ணாகச் சொல்கிறது. உரிய வோல்டேஜில் 85 சதவீதம் இருந்தால் பிடித்தாக வேண்டும். 75க்கும் 20க்கும் நடுவில் எங்காவது விட்டாக வேண்டும். பிடிக்கும் அளவும் விடும் அளவும் ஒன்றாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் எல்லையில் நிற்கும் வோல்டேஜில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அந்தக் காயிலுக்கு யோசிக்கத் தெரியாது. ஆனால் எப்போது செயல்படக் கூடாது என்பது அதன் இரும்பிலும் செம்பிலும் பொதிந்திருந்தது.

இந்தக் காவலை நம் ஆட்கள் ஏன் உடைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழி மறுபடி விவசாயி தலையில் விழும். பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று த்ரீ பேஸ் வந்த காலம் இருந்தது. இரவு முறைக்கு யார் போய் பச்சையை அமுக்குவது? வரப்பில் பாம்பு, மோட்டார் ரூமில் ஈரத்தரை. தூக்கம் விழித்துப் போய் ஷாக் அடித்துச் செத்தவர்களும், கடிபட்டுச் செத்தவர்களும் எல்லா ஊர்க் கதையிலும் உண்டு. அதனால் ஆட்டோ சுவிட்ச் வந்தது. வந்த கரண்ட் நல்ல கரண்டா என்று பார்க்காமல் அது பச்சையை அமுக்கியது. அதன்பின் செல்போன் ஸ்டார்ட்டர். வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே ஒரு மிஸ்டு கால்; மோட்டார் ஓடும். அந்த வசதியைச் சோம்பேறித்தனம் என்பவர் இரவில் ஒரு முறை அந்த வரப்பில் நடந்து பார்க்கலாம்.

ஆகவே தானாக எழுவதில் தவறில்லை. எழுமுன் வோல்டேஜ் முழுதாக வந்துவிட்டதா என்று பார்க்கும் அந்த இரும்பின் வேலையைப் புதிய பெட்டியில் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதுதான் தவறு. கொடுப்பதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும்வரை சிப்பை ரீசெட்டில் அமுக்கி வைக்கும் மூன்று கால் சிப்புகள் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மேக்ஸ்809 வகையில் ஒன்று 4.63 வோல்ட்டுக்குக் கீழே சிப்பை எழவிடாது. அந்த அளவைத் தாண்டிய பிறகும் குறைந்தது 140 மில்லிவிநாடி காத்திருந்துவிட்டுத்தான் விடும். ஏ.வி.ஆர். சிப்புகள் பலவற்றில் இந்தக் காவல் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. 1.8, 2.7, 4.3 வோல்ட் என்று அளவைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை. நிரலை ஏற்றும்போது இரண்டு மூன்று பிட்டைச் சரியாக வைத்தால் போதும்.

உலகமெங்கும் மாணவர்கள் கையில் புழங்கும், ஏ.வி.ஆர். சிப் வைத்த ஆர்டுயினோ ஊனோ பலகையில் இந்தக் காவல் 2.7 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் சிப் ஓடுவது 16 மெகாஹெர்ட்ஸில். கையேட்டின்படி அந்த வேகத்துக்குக் குறைந்தது சுமார் 3.8 வோல்ட் வேண்டும். 2.7க்கும் 3.8க்கும் நடுவில் காவல்காரரும் தடுப்பதில்லை, சிப்பும் நிதானத்தில் இல்லை. மேசைமேல் எல்.இ.டி. சிமிட்டுவதற்கு இது போதும். மோட்டார் ரூமுக்குப் போதாது.

முன்கூட்டியே விட்டுவிடுவது கோழைத்தனம் இல்லை என்பதற்கு நிலவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். 2024 ஜனவரி 20இல் ஜப்பானின் ஸ்லிம் என்ற கலம் நிலவில் இறங்கியது. இறங்கிய கோணம் தப்பிப்போய் அதன் சூரியத் தகடு வெளிச்சம் இல்லாத பக்கம் பார்த்து நின்றது. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தது. கடைசித் துளி வரை உறிஞ்சிப் படம் அனுப்ப வைத்திருக்கலாம். ஜப்பானியர்கள் 12 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே பேட்டரியைத் துண்டித்தார்கள், மீண்டும் எழுப்பும்போது இடைஞ்சல் வரக் கூடாது என்பதற்காக. எட்டு நாள் கழித்துச் சூரியன் திசை மாறியதும் கலம் எழுந்து பேசியது. அதற்குமுன் 2023 செப்டம்பரில் நம் நிலவு ஊர்தி பிரக்யானைப் பேட்டரி நிரம்பியிருக்கும்போதே உறங்க வைத்தார்கள். எழவில்லை. நிலவின் இரவுக் குளிருக்காகச் செய்யப்பட்டதல்ல அது, எழாததில் வியப்பில்லை. எப்போது உறங்க வேண்டும் என்ற முடிவை இரண்டு இடத்திலும் தேய்ந்துகொண்டிருக்கும் பேட்டரி எடுக்கவில்லை, மனிதர்கள் எடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நிலவுக்குப் போகும் கலத்துக்கு இருக்கும் அக்கறை கிணற்று மோட்டாருக்கு ஏன் இல்லை என்று கேட்டால், பணம் என்று சட்டென்று பதில் வரும். சில ரூபாய்ச் சிப்புக்கும் செலவில்லாத சில பிட்டுக்கும் பணம் காரணம் ஆகாது. காரணம் படிப்பில் இருப்பதாக நினைக்கிறேன். நம் பொறியியல் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக 8051 பாடமாக இருக்கிறது. அதன் ரீசெட் சுற்றாகப் படம் போடுவது ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் ஒரு 8.2 கிலோஓம் ரெசிஸ்டரும். வோல்டேஜ் ஒரே பாய்ச்சலில் ஐந்துக்கு ஏறினால் அந்தச் சுற்று ஒழுங்காக வேலை செய்யும். மெல்ல ஏறினால் ரீசெட் துடிப்பு பிறக்கவே பிறக்காது. கொஞ்சம் இறங்கி ஏறினால் கெப்பாசிட்டர் வடிந்திருக்காது, எனவே ரீசெட் ஆகாது. நல்ல கரண்டுக்குப் போட்ட படம் அது. அதோடு வெளியே ஒரு 24சி02 நினைவுச் சிப்பை மாட்டச் சொல்வார்கள். அதன் ஏழாவது பின் எழுதுவதைத் தடுப்பதற்கென்றே வைக்கப்பட்டது. பெரும்பாலான மாதிரிச் சுற்றுகளில் அதைப் பூமியோடு சேர்த்துவிடுவார்கள். எப்போதும் எழுதலாம் என்று பொருள். ஐந்து நிமிட வேலை குறையும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

மிஸ்டு காலில் மோட்டார் போடுவது கடைசி ஆண்டு மாணவர்களுக்கு மிகப் பழகிய புராஜெக்ட். ஆய்வகத்தின் சீரான சப்ளையில் மாட்டி, தேர்வாளர் முன்னால் ஒரு முறை அழைத்து, ரிலே தட்டினால் மதிப்பெண். அந்த மாணவர்களில் சிலர்தான் பிறகு ஸ்டார்ட்டர் செய்கிறார்கள். அவர்கள் பெட்டியில் காவல் இல்லை என்றால், இல்லாத ஒன்றை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை என்பதே விஷயம்.

செய்ய வேண்டியவை தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்தவைதான். ரீசெட் காவல். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதி, ஒவ்வொன்றோடும் ஒரு சரிபார்ப்பு எண். விழித்தவுடன் எதையும் எழுதாமல் சிறிது நேரம் காத்திருத்தல். இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் 255ஐ நம்பாமல், மோட்டாரைப் போடாமல், உரிமையாளரைக் கேட்டல். கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

மின்னியல் துறை ஆய்வகங்களில் பொதுவாக ஒரு வேரியாக் இருக்கும், கைப்பிடியைச் சுழற்றினால் பூஜ்ஜியத்திலிருந்து 230 வரை போகும். புராஜெக்டுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மாணவர் கொண்டுவரும் பெட்டியை அதில் மாட்டி, கைப்பிடியை மெதுவாக மேலே கொண்டுபோங்கள், மெதுவாகக் கீழே இறக்குங்கள், நடுவில் நூறு வோல்ட் பக்கம் கொஞ்சம் ஆட்டுங்கள். பலமுறை செய்யுங்கள். அதன்பிறகும் அதற்குத் தன் உரிமையாளரின் நம்பர் தெரிந்தால் மதிப்பெண் போடுங்கள்.